அண்ணன் உறிஞ்சும் சத்தம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். திருச்சுழி தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில், என் மேஜைக்கு வர வேண்டிய ஆள் முதலில் பக்கத்து மேஜைக்காரரிடம் போய், இன்றைக்கு என் முகம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் வருவார். ஓய்வு பெற்றால் சரியாகிவிடும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே சரியாகிறது? ஆபீஸில் ஊருக்கெல்லாம் பிரித்துக் கொடுத்ததை வீட்டில் ஒருத்தியே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அருப்புக்கோட்டை டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டி எழுதினார். எழுதி முடித்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு டீயையாவது கோபப்படாமல் குடியுங்கள் சார் என்றார்.

என் மனைவி இதை அப்படியே போனில் மகளிடம் ஒப்பித்துவிட்டாள். மகளுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. அவர்கள் ஆபீஸில் இதற்கென்றே ஒரு வகுப்பு நடத்துகிறார்களாம். டீ குடிக்க வகுப்பு! நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. டீ குடிக்கும்போது போன் பக்கத்தில் இருக்கக் கூடாது, பேப்பர் பார்க்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்றாள். கிளாஸின் சூடு கையில் ஏறுவதைக் கவனிக்க வேண்டும். வாசனையை இழுக்க வேண்டும். ஒரு வாய் குடித்தால், அது தொண்டையைத் தாண்டி இறங்கும் வரைக்கும் அடுத்த வாயை நினைக்கக் கூடாது. காதில் எது விழுந்தாலும் விழட்டும் என்று இருக்க வேண்டும். இப்படியே தினமும் செய்துவந்தால் மனசு அடங்கிவிடுமாம்.

வீட்டில் செய்து பார்த்தேன். நடு வீட்டில் நாற்காலியைப் போட்டு, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து, எறும்பு கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். கிடக்கவில்லை என்றேன். பிறகு எதுக்கு இப்படி வெறித்துப் பார்க்கிறீக என்றாள். அதற்குள் குக்கர் விசிலடித்தது, எதிர் வீட்டில் டிவியைப் போட்டார்கள், கறிவேப்பிலை பறித்து வாருங்கள் என்று உத்தரவு வந்தது. மனசை அடக்கப் போய் டம்ளரை விட்டெறிந்ததுதான் மிச்சம்.

அதனால் கடைக்குப் போனேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு டீக்கடை. விடிந்தும் விடியாமலும் கடை திறந்துவிடும். அருப்புக்கோட்டை போகிற முதல் பஸ் வருவதற்கு முன்னால் ஓரளவு அமைதியாக இருக்கும். எதிரே கருவேலங்காடு, அதற்கப்பால் மழைக்குக் காத்துக்கிடக்கிற கரிசல். பாய்லருக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. இந்தப் பக்கத்துப் பெஞ்சு என்னுடையது. அந்தப் பக்கத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருப்பார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்த அண்ணன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை, அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவனை அழைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் வெளிக்கதவுக் கம்பியில் பத்திரிகையைச் சொருகிவிட்டுப் போய்விட்டார்கள். கேபிள் டிவிக்காரன் நோட்டீஸையும் இதே கம்பியில்தான் சொருகுவான். தம்பிக்கு என்ன பெரிய அழைப்பு என்பது அவர் கட்சி. தம்பிக்கு இல்லாத அழைப்பு வேறு யாருக்கு என்பது என் கட்சி. நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. சித்தப்பன் நிற்க வேண்டிய இடத்தில் ஆளில்லை என்று சம்பந்தி வீட்டார் முன்னால் அவருக்குத் தலைகுனிவு. பிறகு என் மகள் கல்யாணம் வந்தது. நான் கம்பியில்கூடச் சொருகவில்லை. அது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

அதோடு அவர் வீட்டில் நாங்களும் எங்கள் வீட்டில் அவர்களும் கை நனைப்பது நின்றுபோயிற்று. பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. டீக்கடை மட்டும் பொது. அது அவர் வீடுமில்லை, என் வீடுமில்லை. டீ மாஸ்டர் விவரமான ஆள். இரண்டு கிளாஸையும் ஒரே நேரத்தில் நீட்ட மாட்டார். முதலில் அவருக்கு, கொஞ்சம் இடைவெளி விட்டு எனக்கு.

சரி, டீயைக் கவனிப்போம் என்று உட்கார்ந்தால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் அந்தச் சத்தம். அண்ணனுக்கு டீ கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். கொஞ்சம் ஆறியிருந்தாலும் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தக் கொதிப்பை உதட்டில் வைத்து, சர்ர்ர்ரென்று ஒரு இழுப்பு. ரோட்டில் போகிற மாடு திரும்பிப் பார்க்கும். இழுத்து முடித்ததும் "ஹா" என்று ஒரு சத்தம். அடுத்த வாய்க்கும் சர்ர்ர், ஹா. எனக்குச் சின்ன வயசிலிருந்தே அந்தச் சத்தம் ஆகாது. கேட்கும்போதெல்லாம் உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறும். கிளாஸின் சூடாவது, வாசனையாவது!

மகளிடம் போனில் புலம்பினேன். யாருடைய சத்தம் என்று சொல்லவில்லை, ஒரு ஆள் என்று மட்டும் சொன்னேன். "அந்தச் சத்தத்தை வெரட்டாதீங்கப்பா. வர்றது வரட்டும், போறது போகட்டும். சும்மா கேளுங்க" என்றாள். எனக்கும் வேறு வழியில்லை. கேட்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அது மொத்தமாக ஒரு அருவருப்பு. கேட்கக் கேட்க அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. முதல் இழுப்பு நீளம். அடுத்ததெல்லாம் குட்டை. வடையைக் கடித்த பிறகு வருகிற இழுப்புக்கு மட்டும் ஒரு கரகரப்பு. கடைசி வாய்க்கு முன்னால் கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றுவார், அடியில் கிடக்கிற சீனி கரைவதற்காக. பேசாத அண்ணனை இவ்வளவு கவனமாக நான் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நாட்களில் எனக்கு டீ நன்றாக இருந்தது.

பிறகு அது மாறத் தொடங்கியது. முதலில் போனது அந்த "ஹா"தான். இழுப்பு இருக்கும், ஹா இருக்காது. அதன் பிறகு நீளமான முதல் இழுப்பு போயிற்று. கொதிக்கக் கொதிக்கக் கேட்கிற மனுஷர், கிளாஸை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆறுவதற்குக் காத்திருந்தார். வடையை விட்டுவிட்டுப் பன்னுக்கு மாறினார். பன்னை ஊறவைத்துத் தின்றார். அப்புறம் அதுவும் நின்றது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நீண்ட நேரம் சத்தமே இருக்காது. பார்க்காத மாதிரி பார்த்தேன். குடித்த வாயை இறக்குவதற்குத் தாடையைத் தூக்கி, நெஞ்சுக்குழியில் கையை வைத்துக்கொண்டிருந்தார். பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார். டீ நல்லா இல்லையா என்று மாஸ்டர் கேட்டதற்கு, வெயில் சூடு என்று சொன்னார்.

வெயில் சூடாம். அவர் வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்காது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கோழிக்குப் பாதியைப் போட்டுவிட்டுத் தின்றேன் என்று சொல்கிற ஆள். அந்தத் தொண்டையை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது ஊரிலேயே நான் ஒருத்தன்தான். என் மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே, நாம் சொன்னால் நல்லதாகப் படாது, வேறு யாரையாவது விட்டுச் சொல்லுங்கள் என்றாள். யாரை விடுவது? மாஸ்டரிடம் சொன்னால் கடை முழுக்கத் தெரிந்துவிடும். அண்ணனிடமே போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிடுவார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு நாள் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து பையும் கையுமாக இறங்கினாள். பக்கத்தில் யாரும் இல்லை. நான் எழுந்து போய் எதிரில் நின்றேன். "மதினி, அண்ணனை ஒரு தடவை டாக்டர்ட்டக் காட்டுங்க. அவருக்குத் தொண்டையில என்னமோ இருக்கு" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தனை வருசமாப் பேசாத வாயி, இதைச் சொல்லத்தான் தொறந்துச்சாக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் ஊர்க் கணக்கு இதுதான். பேச்சில் இருக்கிறவன் உடம்பைப் பார்த்துக்கொள் என்றால் அது அக்கறை. பேச்சில் இல்லாதவன் அதே வார்த்தையைச் சொன்னால் அது சாபம். அன்றைக்குச் சாயங்காலமே மிளகாயும் உப்பும் சுற்றி வாசலில் நெருப்பில் போட்டார்கள். மிளகாய் எரிந்தும் யாருக்கும் கமறவில்லையாம். அதனால் திருஷ்டிதான் என்று முடிவாகிவிட்டது. அடுத்த நாள் எங்கேயோ போய்க் குறி கேட்டு வந்து, அண்ணன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். எந்தத் தொண்டையைக் காட்டுங்கள் என்று சொன்னேனோ, அந்தத் தொண்டையிலேயே கயிறு! எனக்குக் கருநாக்கு என்று பெயர் வந்தது. என் நாக்குக்கு அப்படியொரு பலம் இருந்திருந்தால், ஆபீஸில் எனக்கு மேலே இருந்தவர்களில் பாதிப் பேர் பென்ஷன் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அண்ணன் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். என் கண்ணில் படக் கூடாதென்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அந்தப் பக்கத்துப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. மகள் சொன்னபடி எந்த இடைஞ்சலும் இல்லாமல் டீ குடிப்பதற்கு இதைவிட வசதி ஏது? குடித்தேன். கிளாஸின் சூட்டைக் கவனித்தேன், வாசனையை இழுத்தேன், எல்லாம் செய்தேன். வாயில் ஒரு ருசியும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

மழை பெய்தது. ஊரெல்லாம் விதைப்பில் இருந்தது. அண்ணன் காட்டில் மட்டும் கூலி ஆட்கள் விதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இட்லி விக்கி, குடித்த தண்ணீரெல்லாம் மூக்கு வழியாக வந்துவிட்டதாம். அப்போதுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உணவுக்குழாயில் கட்டி, முற்றிவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வயிற்றில் ஒரு குழாயைப் போட்டு, அதன் வழியாகக் கஞ்சி ஊற்றச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அவன் வாக்குப் பலித்துவிட்டது என்று மதினி தெருவில் வைத்துச் சொன்னாள். முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை அண்ணன் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அப்பாவுக்காக வந்திருந்தான். ஒரு நாள் என் வீட்டு வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, அப்பா உங்களை வரச் சொன்னார் என்று சொன்னான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. என் மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் அங்கே வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

மதினி நிலைப்படியில் நின்றிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. எதிரி வந்தாலும் வாங்க என்று சொல்கிற ஊர் இது. ஒதுங்கி வழி மட்டும் விட்டாள். அண்ணன் ஃபேனுக்குக் கீழே கட்டிலில் கிடந்தார். என்னைவிட ஒரு பங்கு பெரிய உடம்பு, துணி காயப்போட்ட மாதிரி கிடந்தது. குரல் காற்றாக வந்தது. குனிந்தால்தான் கேட்கும். முதலில் மதினியைப் பார்த்து, எனக்கு டீ போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் போட்டுக்கொண்டு வந்தாள், பேப்பர் கப்பில். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுப்பதற்கு வைத்திருக்கிற கப்பு. அண்ணன் கையைத் தூக்கி அலமாரியைக் காட்டினார். டம்ளர். அவள் டீயை டம்ளருக்கு மாற்றி, ஸ்டூலில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நான் எடுத்துக் குடித்தேன், பழகிக்கொண்டபடி, சத்தமில்லாமல், சின்னச் சின்ன வாயாக. ஒரு வாய் தண்ணீர் இறங்காத மனுஷர் முன்னால் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வா என்று விரலை ஆட்டினார். குனிந்தேன்.

"என்னலே, பூனை கணக்கா நக்குற. சத்தம் போட்டுக் குடிலே" என்றார்.

எனக்கு வரவில்லை. வாழ்நாள் முழுக்க அருவருத்த சத்தத்தை உதடு எப்படிப் போடும்? முதல் இழுப்பில் புரை ஏறி இருமினேன். அவர் சிரித்தார், சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது. இன்னொரு தடவை உதட்டைக் குவித்து இழுத்தேன். வந்துவிட்டது. சர்ர்ர். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையில் அந்தக் கறுப்புக் கயிறு ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு அவர் உதட்டிலிருந்து, "ஹா."

டம்ளர் காலியாகும் வரைக்கும் நான் இழுத்தேன், அவர் ஹா சொன்னார். அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. நான் கிளம்பும்போது மதினி சுவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, எச்சிலைக்கூட முழுங்க முடியாமல் கிடக்கிற மனுஷன் முன்னால் இப்படி உறிஞ்சிக் குடிக்க வேண்டுமா என்றாள். அவர்தான் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நம்பியிருக்க மாட்டாள். அவளிடம் ஒருமுறை வாயைத் திறந்து நான் பட்டது போதும்.

பிறகு தினமும் காலையில் டீக்கடைக்குப் போகாமல் அங்கே போனேன். தினமும் டம்ளரில் டீ வந்தது. வாங்க மட்டும் வரவில்லை. அண்ணனும் நானும் அதிகம் பேசவில்லை. ஒரு நாள், பத்திரிகையைக் கம்பியில் சொருகியிருக்கக் கூடாது என்று சொன்னார். ஆமா என்றேன். இன்னொரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினிட்ட நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்லே. பயந்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். அதை மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் ஒருத்தர் சொன்னால் போதும், என் மேல் ஒட்டியிருந்த கருநாக்குப் பட்டம் உதிர்ந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன். டீயை உறிஞ்சினேன்.

அறுவடைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் போய்விட்டார். சொந்தமெல்லாம் வந்துவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து குளிர்பெட்டி வந்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பஸ் ஸ்டாப் கடையிலிருந்து மாஸ்டர் ஒரு கேனில் டீயைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். டம்ளரில் கொடு என்று சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. நான் பெட்டிக்குப் பக்கத்தில், பெண்கள் கும்பலாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த இடத்துக்கு எதிரே, நாற்காலியில் இருந்தேன். கண்ணாடிக்குள் அவர் வாயை மூடிக் கட்டியிருந்தார்கள். கப்பை எடுத்து உதட்டில் வைத்து, சர்ர்ர்ரென்று ஒரே இழுப்பு இழுத்தேன்.

அழுகை சட்டென்று நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி தலையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"பாத்தீகளா, அண்ணன் பொணத்தை முன்னால போட்டுட்டு எப்பிடி ருசிச்சுக் குடிக்கிறாருன்னு."

கப்பில் இன்னும் பாதி இருந்தது. அதையும் அப்படியே சத்தம் போட்டு உறிஞ்சினேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம், பழக்கத்தில், அந்த ஹாவுக்குக் காத்திருந்தேன்.